தகரக் கொட்டகை விடுதி

 

நம் வகுப்புக்கு வருகிறவர்கள் பலரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இந்த வயதில் படிப்பு ஏறுமா? பிள்ளை குட்டி பிறந்த பிறகு படித்தால் ஊர் சிரிக்காதா?" என்கிறார்கள். இதே கேள்வி ஒரு நாடு முழுவதும் எழுந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இது நடந்த உண்மை.

இரண்டாம் உலகப் போர் 1939-ல் தொடங்கியது. 1945-ல் முடிந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் படையில் பணி செய்தார்கள். போர் முடிந்ததும் இவர்கள் வீடு திரும்ப வேண்டும். அத்தனை பேருக்கும் வேலைக்கு எங்கே போவது?

அரசுக்கு ஒரு பழைய அனுபவம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டை போட்ட வீரர்கள், பிறகு வேலை இல்லாமல் வாடினார்கள். தங்களுக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை முன்கூட்டியே தரும்படி, 1932-ல் தலைநகர் வாஷிங்டனில் திரண்டார்கள். ராணுவத்தை விட்டே அவர்களை விரட்டினார்கள். அந்த நிலை மீண்டும் வரக்கூடாது என்று பலரும் நினைத்தார்கள்.

ஆகவே ஒரு சட்டம் வந்தது. 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்துப் போட்டார். படிக்க விரும்பும் வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்லூரிச் செலவை அரசே கட்டும். கைச்செலவுக்கு மாதம் 50 டாலர் தரும். குடும்பம் இருந்தால் 75 டாலர். சட்டம் வந்தபோது இருந்த கணக்கு இது. பிறகு தொகையைக் கூட்டினார்கள்.

எல்லோரும் இதை வரவேற்றார்களா? இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹட்சின்ஸ் எதிர்த்து எழுதினார். பணத்துக்காகக் கல்லூரிகள் கண்டவரையும் சேர்த்துக் கொள்ளும், கல்லூரி நாடோடிகளின் கூடாரம் ஆகிவிடும் என்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ட் அவர்களுக்கும் தயக்கம் இருந்தது. படிப்பு வராதவர்கள் வந்து நிறைந்து விடுவார்களோ என்று அஞ்சினார். அவர்கள் இருவரும் பெரிய படிப்பாளிகள்.

வீரர்கள் வந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள்.

இவ்வளவு பேருக்கும் விடுதியில் இடம் ஏது? கிடைத்த இடமெல்லாம் விடுதி ஆனது. விளையாட்டுக் கூடத்தில் வரிசையாக அடுக்குக் கட்டில் போட்டார்கள். ஒருவர் மேலே படுத்தார், ஒருவர் கீழே படுத்தார். ராணுவத்தின் தகரக் கொட்டகைகளைக் கல்லூரி வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல அவை இருக்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு பழைய ராணுவ மருத்துவமனையை விடுதி ஆக்கியது. டிராய் என்ற ஊரில் மாணவர்கள் ஆற்றில் நிறுத்திய கடற்படைக் கப்பலில் தங்கிப் படித்தார்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குடும்பத்தோடு வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து கல்லூரி சுமார் 55 கிலோமீட்டர். பேருந்தில் போய் வந்துதான் படித்தார்கள்.

வேறு பலர் சக்கரம் வைத்த சின்ன வண்டி வீடுகளில் இருந்தார்கள். அங்கே குழாய் உள்ளே கிடையாது. பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். குளிக்கவும் பொது இடம்தான். சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் இங்கே கேட்கும். அந்தச் சத்தத்திலேயே கணக்குப் போட்டார்கள். மனைவிமார் வேலைக்குப் போனார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே கணவரின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் பல கல்லூரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாண்டு மாணவர் ஒரு சின்னத் தொப்பி அணிய வேண்டும். மூத்த மாணவர் சொல்வதைச் செய்ய வேண்டும். முன்னாள் வீரர்கள் பலர் இதற்கு மறுத்து விட்டார்கள். குண்டு மழையில் நின்றவரை, பதினெட்டு வயதுப் பையன் மிரட்ட முடியுமா?

முடிவு என்ன ஆனது? தேர்வு வந்தது. மற்ற மாணவர்களை விட இவர்கள் சற்றுக் கூடுதலாகவே மதிப்பெண் வாங்கினார்கள். முன்பு தயங்கிய கோனன்ட் அவர்களே பிறகு இவர்களைப் பாராட்டினார். சுமார் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்தால் கல்லூரியில் படித்தார்கள். ஆசிரியராக, மருத்துவராக, பொறியாளராக ஆனார்கள்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். கறுப்பின வீரர்களும் இதே போரில் பணி செய்தவர்கள்தான். ஆனால் தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் அவர்களுக்குக் கதவைச் சாத்தின. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் குறைவு. அங்கே இடம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். படையில் பணி செய்து, பிறகு கல்லூரி சென்ற பெண்கள் 60,000 பேருக்கு மேல். ஆனாலும் 22 லட்சத்தில் அது மிகச் சிறிய பங்கு. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. கதவு மட்டும் எல்லோருக்கும் திறக்கவில்லை.

பெரியவர்களே! இதிலிருந்து நமக்கு இரண்டு செய்திகள் உண்டு.

ஒன்று, வயது படிப்புக்குத் தடை இல்லை. குடும்பப் பாரம் தெரிந்தவருக்குப் படிப்பின் அருமையும் தெரியும். வீணாக்க நேரம் இல்லாதவர் நேரத்தை வீணாக்க மாட்டார். நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வயது 14 ஆகியிருந்தால் போதும். இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்ற வரம்பு கிடையாது.

இரண்டு, கதவுக்கு வெளியே நிற்பவர் யார் என்று நாம் பார்க்க வேண்டும். நம் தெருவில் யார் இன்னும் வகுப்புக்கு வரவில்லை? கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணா? இரவு வேலைக்குப் போகும் அண்ணனா? யாரும் கூப்பிடாததால் ஒதுங்கி நிற்கும் பாட்டியா?

நாளை வரும்போது அவர்களில் ஒருவரைக் கையோடு அழைத்து வாருங்கள். குழந்தை அழுதால் அழட்டும். மாற்றி மாற்றி வைத்துக் கொள்ளலாம். இடம் போதவில்லை என்றால் நெருங்கி உட்காரலாம்.