மூன்று அரசர்கள் மண்டியிடும் இடம்



நத்தார் கழிந்து பன்னிரண்டாம் நாள் மூவிராசாக்கள் திருநாள். மன்னார்த் தீவிலும் எதிரே மாதோட்டக் கரையிலும் அந்தத் திருநாளின் பெயரிலேயே ஒரு கூத்து உண்டு. மூவிராசாக்கள் நாடகம். ஏட்டிலும், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் நினைவிலும் இருந்த அதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1966இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். எண்டிறீக்கு எம்பரதோர், ஞானசௌந்தரி ஆகிய நாடகங்களையும் அவர் அந்த ஆண்டுகளிலேயே பதிப்பித்தார். இவை மூன்றிலும் என் மனம் நின்றுவிடுவது மூவிராசாக்களில்தான். கன்னியின் வயிற்றில் இறைவன் பிள்ளையாய்ப் பிறந்தார் என்ற விசுவாசத்தை, விளக்கம் சொல்லி நிறுவ முயலாமல், ஆடிக் காட்டுகிற கூத்து இது.

மத்தேயு எழுதிய நற்செய்தியில் இந்தக் கதை பன்னிரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை. அரசர்கள் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், அவ்வளவுதான். பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்தபடியால் வந்தவர்கள் மூவர் ஆனார்கள். அரசர்கள் காணிக்கையோடு வருவார்கள் என்ற பழைய தீர்க்கதரிசனங்களைச் சேர்த்து வாசித்ததில் முடியும் வந்து சேர்ந்தது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் இன்னும் பிந்தியவை. அவர்களுடைய எலும்புகள் என்று நம்பப்படுபவை 1164 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரில் வைத்து வணங்கப்படுகின்றன.

ஞானிகள் அரசர்களானது நம்முடைய கூத்துக்குப் பெரிய வாய்ப்பு. நாட்டுக்கூத்தில் ஓர் அரசன் சும்மா வந்து நிற்பதில்லை. முதலில் கட்டியகாரன் வந்து பெருமை சொல்வான். பிறகு வரவுத் தரு, அரசன் ஆடிவரும் பாட்டு. மத்தளமும் தாளமும் சூடுபிடிக்க, பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திரும்பப் பாட, அரசன் களரியைச் சுற்றி ஆடித் தன் நாடு எது, குலம் எது, படை எது என்று பாடி முடிக்க வெகுநேரம் ஆகும். ஒருவருக்கே இப்படி என்றால், மூன்று அரசர்களுக்கு? பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில் சலித்துப்போவார்கள். நான் சொல்வேன், இந்த நீளம்தான் கூத்தின் உயிர். அரசர்களின் பெருமையை நாம் கண்ணாரக் கண்டு, காதாரக் கேட்டு, அவர்களோடு இரவின் பெரும்பகுதியைக் கழித்திருந்தால்தான், அவர்கள் முடியைக் கழற்றிவிட்டு ஒரு தச்சன் வீட்டுக் குழந்தையின் முன் முழந்தாளிடும்போது நமக்கு ஏதாவது ஆகும். பெருமை சுருங்கினால் சரணாகதியும் சுருங்கிவிடும்.

அந்தக் கட்டத்தில் மத்தளம் ஓய வேண்டும் என்பது என் எண்ணம். சில அண்ணாவிமார் அடியைக் கூட்டுவார்கள். அது கைதட்டல் வாங்கும். ஆனால் பகலில் கரைவலை இழுத்த ஓர் உடம்பு, இரவு முழுக்க அரச உடுப்பின் பாரத்தைத் தாங்கி ஆடிவிட்டு, மெல்ல மணலில் இறங்குவதைச் சபை பார்க்க வேண்டும். அதற்கு எந்தத் துணையும் தேவையில்லை.

பாலனைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுங்கோலன் வேடத்துக்கு நம் ஊர்களில் எப்போதும் மவுசு அதிகம். நல்ல குரலும் வேகமான கால்களும் உள்ளவருக்கே அது போகும். அவர் மற்ற மூவரையும் விழுங்கிவிடக் கூடாதே என்ற கவலை ஒவ்வொரு மேடையிலும் இருக்கிறது. ஆனால் ஏரோதுவின் பாத்திரம் ஆழமானது. பாலன் பிறக்க வேண்டிய ஊர் பெத்லகேம் என்று அவனுக்கு வேதபாரகர் சொல்லிவிட்டார்கள். எருசலேமிலிருந்து அது சிறு நடை தூரம். எல்லாம் தெரிந்தவன் அரண்மனையை விட்டு இறங்கவில்லை. ஒரு நட்சத்திரம் தவிர வேறொன்றும் அறியாத மூவர் எத்தனையோ நாள் நடந்து வந்து சேர்ந்தார்கள். விசுவாசம் அறிவின் அளவைப் பொறுத்ததல்ல, புறப்படும் மனத்தைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய மேடையை நான் கண்டதில்லை.

ஒரு குறையும் உண்டு. மாதாவுக்கு இதில் இடம் மிகச் சிறியது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள், அவ்வளவே. அவளுடைய பெரிய கட்டம் லூக்கா எழுதிய நற்செய்தியில் இருக்கிறது. கபிரியேல் சம்மனசு வந்து சொன்னபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, இது எப்படி ஆகும் என்று. விடை வந்ததும் தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டாள். அதற்கு முன்னே அதே தூதரிடம் முதியவர் சக்கரியாவும் கேட்டார். அவர் கேட்டது அத்தாட்சி. பிள்ளைக்குப் பெயரிடும் நாள்வரை ஊமையாய் இருந்தார். மரியாள் கேட்டது வழியை. மணமாகாத பெண்ணுக்கு அந்தச் சம்மதத்தால் ஊரில் என்ன நேரும் என்று கடற்கரைக் கிராமத்துத் தாய்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூசையப்பரோ நற்செய்தி முழுவதிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் கேட்டதை எழுந்து செய்கிறார். பேசாத அந்த மனிதருக்காகத்தான் வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். மங்கள வார்த்தைக் கட்டத்தையும் சூசையப்பரின் கலக்கத்தையும் பாடக்கூடிய புலவர்கள் மன்னாரில் இன்றும் இருக்கிறார்கள். மூவிராசாக்களுக்கு முன்னால் ஆடத்தக்க ஒரு புதிய கூத்தாக அவர்கள் அதைக் கட்ட வேண்டும்.

கோயிலுக்குள்ளும், விளக்கத்தை விட்டு மண்டியிடுகிற இதே பாங்குதான். மற்ற நாட்களில் விசுவாசப் பிரமாணத்தில் கன்னி மரியாளிடம் மனிதரானார் என்ற பகுதி வரும்போது தலை வணங்குவோம். நத்தாரன்றும், மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளன்றும் எல்லாரும் முழந்தாளிடுவோம். திருச்சபை தன் பெரிய மறைபொருளின் முன் நம்மிடம் கேட்பது அதுதான். நம் அயலவரான எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் மக்களும், ஈஸா நபி கன்னி மர்யமிடம் தந்தையின்றிப் பிறந்தார் என்று நம்புகிறவர்கள். திருக்குர்ஆனில் மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஈஸா நபி யார் என்பதில் நாம் வேறுபடுகிறோம். அந்தத் தாயின் தூய்மையில் வேறுபடவில்லை.

மன்னாரில் இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கும் வேறிடத்தில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த ஏறத்தாழ 600 பேர், யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் இந்த மண்ணில் வெட்டப்பட்டார்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்கள் நினைவாக நிற்கிறது. 1985 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, மூவிராசாக்கள் திருநாளிலேயே, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் போருக்குத் தப்பிக் கைக்குழந்தைகளோடு இராமேஸ்வரத்துக்குப் படகேறிய குடும்பங்கள் எத்தனை! பாலனைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மாதாவும் இரவோடிரவாக எகிப்துக்குப் போனதை அவர்கள் கதையாக மட்டும் கேட்கமாட்டார்கள். ஏரோதுவும் அவர்களுக்கு வெறும் வேடமல்ல. ஒப்புக்கொடுத்தல் என்றால் கைகட்டிக் கிடப்பது என்று யாராவது சொன்னால், இந்த மக்களைப் பார்க்கட்டும். பயந்துகொண்டும் அழுதுகொண்டும் அவர்கள் எழுந்து நடந்தார்கள்.

இன்று பாடசாலைகளிலும் பங்குகளிலும் நத்தாரை ஒட்டி ஒளிவிழா நடக்கிறது. அங்கே மூவிராசாக்கள் வருகிறார்கள், காணிக்கை வைக்கிறார்கள், போகிறார்கள். பிள்ளைகள் கதையைத் தெரிந்துகொள்ள அது போதும். கூத்தைத் தெரிந்துகொள்ளப் போதாது. மத்தளத்துக்குப் பதில் ஒலிப்பதிவு, தருவுக்குப் பதில் திரைப்பட மெட்டு என்று வந்துவிட்ட மேடைகளில் மண்டியிடுவது வெறும் சடங்காகிவிடுகிறது. இளைஞர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்களுக்கு முழு இரவுக் கூத்தை நாம் காட்டவில்லை.

ஆகவே பங்குத்தந்தையர்களிடமும் ஊர் மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தரு தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தால், அவரை இந்த ஆண்டே அழைத்து, பத்துப் பிள்ளைகளை அவர் முன் உட்கார வையுங்கள். அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த மூவிராசாக்கள் திருநாளுக்கு, இரவு தொடங்கி விடியும்வரை, ஒரு வரவையும் வெட்டாமல் ஆட விடுங்கள்.