நதிதீர யாத்திரை
(நடுவட்டத்தில் நடைபெற்ற சங்க மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



வருகிற மாசி மாதத்தில் நம் சங்கக் குடும்பங்கள் ஒன்றுகூடி நதிதீர க்ஷேத்திரங்களுக்கு ஒரு சிறு யாத்திரை சென்று வருவதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். யாத்திரையின் புண்ணியத்தை எடுத்துரைக்கப் புராணிகர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது, எப்போது போவது, யாரை அழைத்துப் போவது என்னும் மூன்றை மட்டுமே நான் பேச எண்ணுகிறேன். அவற்றுள்ளும் கடைசியானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நம்மவர் பவானி கூடுதுறையை அறியாதவரல்லர். தகப்பனார் காலமானால் அஸ்திக் கலசத்தை எடுத்துக்கொண்டு, இரவோடிரவாக வண்டி பிடித்து மலையிறங்கி, விடியும் வேளையில் கூடுதுறை சேர்ந்து, புரோகிதர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி, அஸ்தியைக் கரைத்து, பொழுது சாயுமுன் வீடு திரும்புகிறோம். தீட்டுக் காலமாகையால் சங்கமேசுவரர் கோபுரத்தை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அந்தத் தகப்பனார் உயிரோடிருந்த எழுபது வருஷத்தில் ஒருநாளேனும் அத்துறையில் ஸ்நானம் செய்ததுண்டா என்று விசாரித்தால், இல்லையென்றே பெரும்பாலும் விடை வரும். தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. பெண்ணுக்குக் கலியாணம் வந்தது. பிள்ளைக்குப் பரீட்சை வந்தது. அப்படியே காலம் போயிற்று. எலும்பாய்ப் போனபின் செய்விக்கும் பிரயாணத்தை உடம்பாய் இருக்கும்போதே செய்விக்கலாகாதா என்பதே என் கேள்வி.

கிழவிமார் விஷயம் இதனினும் கடினமானது. யாத்திரைப் பேச்சு எழுந்தவுடன், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது அவர்கள் சுபாவம். அவ்வார்த்தையை நாமும் சௌகரியமாக நம்பிவிடுகிறோம். இரண்டாந்தரம் கேளுங்கள், வேண்டுமானால் மூன்றாந்தரமும் கேளுங்கள்.

இனி, எங்கே போவது? கூடலூர் வழியாய் இறங்கினால் கபிலா நதிக்கரையில் நஞ்சன்கூடு சமீபத்திலிருக்கிறது. அது நல்ல க்ஷேத்திரமே. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குமேல் காலை ஆறு மணிவரை அடைபட்டிருப்பதை மட்டும் நினைவிற்கொண்டால் ஒரே நாளில் போய் வரலாம். அதற்குச் சங்கம் வேண்டியதில்லை. நான் சொல்வது பவானியும் கொடுமுடியும். காரணம் ஒன்றுண்டு. முக்கூர்த்திப் பக்கம் பிறந்து, ஊட்டி சாலையில் நமக்கு அடுத்திருக்கும் பைக்காராவில் தேங்கி, 1932 முதல் மின்சாரமும் தந்துவரும் ஆறு, மலையைவிட்டு இறங்கியபின் மாயாறு என்னும் பெயர் பூண்டு, பள்ளத்தாக்கினூடே ஓடி, பவானிசாகர் அணையிலே பவானியோடு கலக்கின்றது. பவானி கூடுதுறையில் காவேரியோடு கலக்கின்றது. ஆகவே அங்கே நாம் முழுகும் நீரில் நம் மலைநீரும் உண்டு. சிங்கோனாத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்த நம் பெரியோர்கள் பார்த்திருந்த நீர் எங்கே போய்ச் சேருகிறதென்று அவர்களுக்குக் காட்டுவது ஒரு சந்தோஷமன்றோ?

கூடுதுறையில் காவேரி, பவானி இரண்டும் கண்ணுக்குத் தெரிவன; அமுத நதியென்று மூன்றாவதொன்று கண்ணுக்குப் புலப்படாமல் கலப்பதாக ஐதிகம். தேவாரத்தில் இத்தலத்திற்குத் திருநணா என்று பெயர். சங்கமேசுவரரும் வேதநாயகியம்மையும் எழுந்தருளியிருக்கும் பிராகாரத்திலேயே ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியும் உண்டு. வில்லியம் காரோ என்னும் ஆங்கிலேயக் கலெக்டர் 1804-ஆம் வருஷம் அம்மனுக்குச் சமர்ப்பித்த தந்தக் கட்டில் ஒன்று அங்கே இருக்கிறது. இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து சிறுமி ஒருத்தி அவரை எழுப்பி வெளியேற்றினாளென்றும், அவளே அம்மனென்று அவர் கருதினாரென்றும், உள்ளே வரக்கூடாதவராகையால் சுவரில் துவாரமிட்டுத் தரிசித்தாரென்றும் கர்ண பரம்பரை. துரைக்காவது துவாரம் கிடைத்தது! நம் நாட்டில் எத்தனையோ குலத்தாருக்கு, 1947-ஆம் வருஷத்துச் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரையில், அதுவும் இல்லை. நம் முன்னோர் வாசலில் நின்று கும்பிட்ட கோயில்களுண்டு. ஆகையால் இன்று உள்ளே போகிறவர்கள் ஓடோடிப் போய் ஓடோடித் திரும்பலாகாது என்பது என் அபிப்பிராயம்.

கொடுமுடி, ஈரோட்டுக்குத் தெற்கே. தென்முகமாய் வரும் காவேரி அங்கே கிழக்கே திரும்புகின்றது. மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரமதேவர் என மும்மூர்த்திகளையும் ஒரே ஆலயத்தில் தரிசிக்கலாம். பங்குனி உத்திரத்திற்குப் பழனிக்குத் தீர்த்தம் எடுத்துச் செல்பவர் இங்கிருந்தே எடுப்பர். கே. பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்த ஊரும் இதுவே. நம் தாய்மார்களுக்கு இதைச் சொன்னாலே பாதி வழி அலுப்புத் தீரும்.

காலம் மாசி என்றதற்குக் காரணம் உண்டு. தை மாசியில் உறைபனியினால் கொழுந்து குறைவு. ஆகையால் லீவு கேட்க எளிது. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் விடுவது வழக்கமாகையால், அதன்பின் காவேரி சாதாரணமாய்த் தணிந்திருக்கும். ஆடிப்பெருக்கின் நெரிசலிலும் வெள்ளத்திலும் முதியோரை இறக்குவது புத்தியன்று. எனினும் மாசியிலும் ஜாக்கிரதை வேண்டும். கூடுதுறைக்கு மேலே மின்சாரத்திற்காகக் கட்டிய கதவணைகள் இருக்கின்றன. நீர் திடீரென ஏறக்கூடும். படியை விட்டுக் கீழே ஒருவரும் இறங்கலாகாது. சிறு பிள்ளைகளுக்குச் செம்பினால் தலையில் வார்த்தாற் போதும். அதனால் புண்ணியம் குறையாது. சாயக் கழிவு கலக்கும் நதியாகையால் ஆற்று நீரைக் குடித்தலும், பழைய வஸ்திரத்தை ஆற்றிலே விட்டுவருதலும் வேண்டாம்.

மூன்று நாள் போதும். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மேட்டுப்பாளையத்தில் பவானிக்கரையிலுள்ள வனபத்திரகாளியம்மனைத் தரிசித்து, சத்தியமங்கலம், கோபி வழியாய் மாலைக்குள் பவானி சேர்ந்து தங்குவது. இரண்டாம் நாள் சூரியோதயத்தில் ஸ்நானம். நடுப்பகல் நடைசாத்தும்வரை அங்கேயே இருந்து, உண்டு இளைப்பாறி, மாலை நடைதிறப்புக்குக் கொடுமுடி. மூன்றாம் நாள் காலை தரிசனமானதும் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பின் மூடுபனியில் இந்த வளைவுகளில் ஏறுவது ஆகாது. இடையிலே திருச்செங்கோட்டையும் கரூரையும் சேர்த்துவிடலாமே என்று சில இளைஞர்கள் என்னிடம் சொன்னார்கள். அவை பெருந்தலங்களே. ஆயினும் இரண்டு நாளில் எட்டுக் கோயில் என்று கணக்குப் பார்த்தால், முழங்கால் வலியுள்ளவர்கள் எட்டிடத்திலும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். செருப்புக்குக் காவலாக அழைத்துப் போனதாக முடியும்.

வண்டியின் முன்வரிசை ஆசனங்கள் முதியோருக்கே. வளைவுகளில் மயக்கமும் வாந்தியும் அவர்களுக்கு வரக்கூடும். குளிர்ப் பிரதேசத்திலிருந்து வெயிலுக்கு இறங்குவதால் காய்ச்சி ஆறிய நீரும், அவரவர் மருந்தும் கையிலிருக்க வேண்டும். செலவைக் குடும்பக் கணக்கில் பங்கிட்டு, அறுபது வயது கடந்தவர்களின் பங்கைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமென்று பிரேரேபிக்கிறேன். காரியதரிசி அவர்கள் பெயர்ப்பதிவுப் புஸ்தகம் வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தை முதியோருக்கென்று விட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து நம் பெயர்களை எழுதுவோமாக.