தாய் தந்தையருக்குப் பின்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையுடைய தாயிடம் அவளுடைய கவலை யாதென்று கேட்டால், "என் கண்ணுக்குப் பின் இதை ஆர் பார்ப்பார்?" என்பதே விடையாக வரும். பிள்ளையென்று அவள் சொல்பவருக்கு நாற்பது வயதும் ஆகியிருக்கலாம். முன்னாளிற் பெரியதாய், சிறியதாய், மாமன், மைத்துனனென்று ஒரே வளவிற் பலர் இருந்தனர். போரும் புலப்பெயர்வும் அவ்வளவுகளை வெறிதாக்கின. கடல் கடந்து பணம் வரும். சோறூட்டக் கை வராது.

சிறுவர்க்குக் கோண்டாவிலில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய சிவபூமி பாடசாலை போன்ற நிலையங்கள் உள. வளர்ந்து பெற்றாரையும் இழந்தவர் எங்கே உறைவது? பெரிய விடுதியே வழியெனப் பலர் எண்ணுவர். வேறொரு வழியும் உண்டு. ஒரு குடும்பம் அத்தகைய ஒருவரையோ இருவரையோ தன் வீட்டில் ஏற்று, உடனுண்டு உடனுறைந்து வாழ்வதே அது.

பெல்ஜியம் நாட்டிலே கேல் என்றோர் ஊர். அங்குள்ள புனித டிம்ப்னா கோயிலுக்கு மனநோய் நீங்க வேண்டி வந்தோரை ஊரவர் மத்திய காலந்தொட்டுத் தம் வீடுகளில் இருத்தினர். 1850இல் அரசாங்கம் அதனைத் தன் மேற்பார்வையிற் கொணர்ந்தது. 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வாழ்ந்தனர். மனவளர்ச்சி குன்றியோரும் அவருள் இருந்தனர். இன்று தொகை மிகக் குறைந்தபோதிலும் வழக்கம் நின்றுவிடவில்லை. 2023இல் யுனெஸ்கோ அதனை மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது.

அன்பு மட்டும் இவ்வேற்பாட்டைத் தாங்கவில்லை. குடும்பத்துக்குக் கொடுப்பனவு உண்டு. தாதியர் வீடு தேடி வருவர். இடர் நேர்ந்தால் வைத்தியசாலை கைகொடுக்கும். இம்மூன்றுமின்றி ஒருவரைப் பிறர் வீட்டில் விட்டால், அவர் கூலியில்லா வேலையாளாகவோ அறைக்குள் அடைபட்டவராகவோ ஆகிவிடுதல் கூடும்.

எங்கே, யாருடன் வாழ்வதென்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை தன் 19ஆம் உறுப்புரையில் அதனைக் கூறுகின்றது; இலங்கை 2016இல் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது. ஆதலால் முதலில் ஒரு பகல், பின்பு ஓர் இரவு, பின்பு ஒரு கிழமையென்று பழகவிட்டு, அவர் மனம் ஒப்பிய பின்பே இடம் மாற்றல் வேண்டும். வாய்பேச இயலாதவரும் உணவிலும் உறக்கத்திலும் முகத்திலும் தம் விருப்பைக் காட்டுவர். அதனைக் கற்க நாட்செல்லும். கற்பிக்கத் தாய் இருக்கவேண்டும். தாய் மறைந்தபின் தொடங்குவோமாயின் காலம் பிந்திவிடும்.

வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் மருத்துவப் பணியாற்றிய ஊர் நமது பண்டத்தரிப்பு. பிறர் துயர் தீர்க்கும் முயற்சி இம்மண்ணுக்குப் புதிதன்று. வாலிபர்காள், இருவர் இருவராக மாதத்தில் ஒரு பகல் இத்தகைய வீட்டுக்குச் செல்வோம். தாய் கோயிலுக்குப் போய்வரட்டும். அதுவரை அவருடன் நாம் இருப்போம். பெரியோர்களே, வெறுமையாய்க் கிடக்கும் அறையுடைய வீடுகள் உங்களிடம் உள. அவற்றின் கதவைத் திறப்பதைப்பற்றி இன்றிரவே வீட்டாருடன் பேசுங்கள்.