ஒற்றைக் கோலைக் காத்த பிள்ளைகள்



கோவில்பட்டியில் ஹாக்கியைப் பற்றிப் பேச வருகிறவனுக்குக் கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் வேண்டும். ஹாக்கிபட்டி என்று பட்டப்பெயர் வாங்கிய ஊர் இது. டீக்கடை பெஞ்சில் பேப்பர் புரட்டுகிற அண்ணாச்சிகூட ஒரு காலத்தில் மட்டை பிடித்தவராக இருப்பார். நான் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் கூட்டம் முடிகிறவரை பொறுக்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவார். திருத்துங்கள். அதற்காகத்தான் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் சன்னமாக வைக்கச் சொன்னேன்.

"இளம் அணியை ரசிகர்கள் எப்படி எடைபோட வேண்டும்?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பொதுவாகப் பேசினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஆகவே ஒரே ஒரு அணியை எடுத்துக்கொள்கிறேன். 2022 மே மாதம், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணி. ஏன் அந்த அணி? உங்களுக்கே தெரியும். இந்த ஊர்ப் பிள்ளை மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து இந்த ஊர் விளையாட்டு விடுதியில் ஆட்டம் பழகிய கார்த்தியும் இந்தியச் சட்டையை முதன்முதலாகப் போட்ட போட்டி அது.

அந்த அணி எப்படி அமைந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்தின வருடம் டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய பெரிய கைகள் அநேகமாக யாரும் வரவில்லை. தலைமை தாங்க வேண்டிய ரூபிந்தர் பால் சிங்குக்குக் காயம். பொறுப்பு பீரேந்திர லக்ராவிடம் போனது. பக்கத்தில் எஸ்.வி. சுனில் போல் ஓரிரு மூத்தவர்கள். பயிற்சியாளராக சர்தார் சிங். மற்றபடி பெரும்பாலும் இளசுகள். நடப்புச் சாம்பியன் என்ற சுமை மட்டும் முழுதாக இவர்கள் தலையில்.

முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. ஆரம்பத்தில் ஒரு பெனால்டி கார்னர். தடுக்கப்பட்டுத் திரும்பிய பந்து. அதற்காகவே காத்திருந்தவர்போல் தம்பி கார்த்தி அடித்தார், கோல்! அறிமுக ஆட்டம், எதிரே பாகிஸ்தான், முதல் கோல். இந்த ஊரில் அன்றைக்கு எத்தனை பேர் தூங்கினீர்களோ, எனக்குத் தெரியாது. மறுநாள் எங்கே பார்த்தாலும் அந்தக் கோல்தான் பேச்சு. ஆனால் அந்த ஆட்டம் எப்படி முடிந்தது? 1-1. 59-ஆவது நிமிடத்தில் பாகிஸ்தான் சமன் செய்துவிட்டது. கிட்டத்தட்ட 50 நிமிடம் கையில் இருந்த வெற்றி, கடைசி நிமிடத்தில் நழுவியது. அதை நாம் பேசவில்லை. கோல் இனித்தது, அதை மட்டும் வாயில் போட்டுக்கொண்டோம்.

அடுத்த நாள் ஜப்பானோடு 2-5. உடனே பேச்சு மாறியது. "சின்னப் பசங்களை அனுப்பி மானத்தை வாங்கிட்டாங்க" என்றார்கள். முதல் நாள் தோளில் தூக்கியவர்களேதான். ஒரு நாளில் இரண்டு தீர்ப்பு எழுதுகிற நீதிமன்றம் உலகத்தில் ரசிகனுடையது ஒன்றுதான்.

பிறகு இந்தோனேசியா. அடுத்த சுற்றுக்குப் போக 15 கோல் வித்தியாசம் வேண்டும் என்ற நிலை. நம் பிள்ளைகள் 16-0 என்று முடித்தார்கள். திப்சன் திர்க்கி மட்டும் 5 கோல், சுதேவ் 3, கார்த்தி 2. பாகிஸ்தான் வெளியே. சரவெடி வெடிக்க வேண்டிய இரவுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அணியை எடைபோட அந்த ஆட்டம் எனக்கு அதிகம் உதவவில்லை. எதிராளி அவ்வளவு எளிய அணி. ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் பாராட்டுவேன். கணக்குத் தலைக்கு மேல் தொங்கும்போது, இன்னும் எத்தனை வேண்டும் என்று ஒவ்வொரு கோலுக்கும் எண்ணிக்கொண்டே ஆடும்போது, ஆளாளுக்குத் தானே அடிக்க வேண்டும் என்று பாய்கிற வயது அது. அப்படிப் பாயாமல் ஏழு பேர் பகிர்ந்து அடித்தார்கள். அதற்குமேல் அந்த 16-இல் படிக்க ஒன்றுமில்லை.

படிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. பலரும் சேனலை மாற்றிவிட்ட இடமும் இதுதான்.

சூப்பர் 4 சுற்று. முதலில் அதே ஜப்பான். நான்கு நாளைக்கு முன்னால் ஐந்து கோல் போட்ட ஜப்பானை 2-1 என்று வென்றார்கள். அடுத்து மலேசியா. இரண்டு கோல் பின்தங்கி, துரத்திப் பிடித்து, 3-2 என்று முன்னேறிவிட்டார்கள். மூச்சு விடுவதற்குள் மலேசியாவின் ராசி ரஹீம் பெனால்டி கார்னரில் அடித்தார். அவருக்கு அது மூன்றாவது கோல். ஆட்டம் 3-3.

அதற்கடுத்து தென் கொரியா. வென்றால் இறுதிப் போட்டி. மூன்றாவது குவார்ட்டரில் 4-3 என்று இந்தியாவை முன்னிறுத்திய கோலை அடித்தவர் யார்? (சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்!) மாரீஸ்வரன். அந்தக் கோல் நின்றிருந்தால் இந்தியா இறுதிப் போட்டியில். நிற்கவில்லை. அந்தக் குவார்ட்டர் முடிவதற்குள் கொரியா சமன் செய்தது. 4-4. கொரியா, மலேசியா, இந்தியா மூன்றுக்கும் ஐந்தைந்து புள்ளி. கோல் வித்தியாசத்தில் நாம் வெளியே.

இப்போது மூன்று ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாகிஸ்தானிடம் முன்னிலை, போய்விட்டது. மலேசியாவிடம் முன்னிலை, போய்விட்டது. கொரியாவிடம் முன்னிலை, போய்விட்டது. இந்த அணிக்குக் கோலடிக்கத் தெரியும். கோலைப் போட்டுவிட்டு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும், தங்கள் வட்டத்துக்குள் தேவையில்லாமல் மட்டையை நீட்டி எதிராளிக்குப் பெனால்டி கார்னர் தானம் செய்யாமல் இருக்கவும் தெரியவில்லை. இளம் அணியின் நோய் பெரும்பாலும் இதுதான். முன்னிலை வந்ததும் இன்னொன்று அடிக்கத் துடிப்பார்கள், அல்லது பயந்துபோய் பதினோரு பேரும் பின்னால் வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஆட ஒரு பக்குவம் வேண்டும்.

மறுநாள், ஜூன் 1, வெண்கலத்துக்கான ஆட்டம். மறுபடியும் ஜப்பான். இறுதிப் போட்டி கைவிட்டுப் போன இரவு கழிந்து 24 மணி நேரம்கூட முழுசாக ஆகவில்லை. தொடக்கத்திலேயே ராஜ்குமார் பால் ஒரு கோல் போட்டார். பிறகு? பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காத 50 நிமிடத்துக்கு மேற்பட்ட நேரத்தைத்தான் நான் அந்தப் போட்டியின் உச்சம் என்கிறேன். 1-0. மூன்று முறை பறிகொடுத்த பிள்ளைகள் நான்காவது முறை ஒற்றைக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி விசில்வரை காத்தார்கள். எத்தனை பேர் அந்த ஆட்டத்தை முழுக்கப் பார்த்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பார்க்கச் சலிப்பான ஆட்டம். பயிற்சியாளருக்கு மட்டும் தேன்.

இனி புது வீரன் விஷயத்துக்கு வருகிறேன்.

வள்ளுவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குத் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதோடு விடவில்லை. தேர்ந்தெடுத்தவனிடம் வேலையை ஒப்படைப்பதற்குத் தெரிந்துவினையாடல் என்று அடுத்த அதிகாரத்தையும் வைத்தார். நாம் என்ன செய்கிறோம்? அணியில் நம்ம ஊர்ப் பெயர் வந்ததா, சுவரொட்டி அடித்தோமா, முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். இரண்டாம் அதிகாரம் நடக்கிற இடத்தில் நாம் இல்லை.

கார்த்தி 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், நம் மக்கள் முன்னால் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை ஆடினார். மலேசியாவுக்கு எதிராக 5-0 வெற்றியில் முதல் கோல் அவருடையது. அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் ஒரு கோல். இந்தியா கோப்பையை வென்றது. அந்த மாலையில் அரங்கம் எழுப்பிய சத்தம் கோவில்பட்டிவரை கேட்டிருக்கும். அடுத்து ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. பட்டியலில் கார்த்தி இல்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக். அங்கும் இல்லை.

உடனே நாம் என்ன சொன்னோம்? "வடக்கத்திக்காரனுக்குத்தான் இடம்." அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்கை வாதாட நம்மிடம் என்ன சாட்சி இருக்கிறது? ஒலிம்பிக்குக்கு 16 பேர்தான். முன்களத்துக்கு ஐந்து இடம். அபிஷேக், சுக்ஜீத், லலித், மன்தீப், குர்ஜந்த் என்று அந்த ஐந்தும் நிரம்பின. இவர்களைவிடக் கார்த்தி எதில் மேல் என்று தேர்வாளர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அவர் போட்ட கோல்கள் நமக்கு மனப்பாடம். பந்து எதிராளியிடம் இருக்கும்போது அவர் எத்தனை தடவை ஓடித் துரத்திப் பறித்தார், வட்டத்துக்குள் எத்தனை முறை பந்தோடு நுழைந்தார், எத்தனை பெனால்டி கார்னர் வாங்கித் தந்தார், களைத்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனபோது வேகம் குறைந்ததா, கூடியதா? இதில் ஒன்றுக்காவது நம்மிடம் கணக்கு உண்டா? அவரைச் சேர்க்காதது சரி என்று நான் சொல்ல முடியாது. தப்பு என்று நீங்களும் சொல்ல முடியாது. இரண்டு பேருமே கோலை மட்டும் பார்த்தவர்கள்.

சரி, ஜகார்த்தா போன அந்தப் பிள்ளைகளில் பாரிஸ் போனவர் யார்? ராஜ்குமார் பால். நடுக்களத்துக்காரர். உத்தரப் பிரதேசத்தில் காஜிபூர் மாவட்டம், கரம்பூர் என்கிற கிராமம். நமக்குக் கோவில்பட்டி எப்படியோ, அவர்களுக்குக் கரம்பூர் அப்படி. உத்தம் சிங்கும் அந்த ஊர்தான். ஜகார்த்தாவில் ஜப்பானுக்கு எதிராக அந்த ஒற்றைக் கோலைப் போட்டாரே, அதே ராஜ்குமார். பாரிஸில் பிரிட்டனோடு காலிறுதி. அமித் ரோகிதாசுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 1-1 என்று காத்து, ஷூட் அவுட்டுக்கு இழுத்தார்கள். அதில் இந்தியாவை அரையிறுதிக்கு அனுப்பிய கடைசி கோல் அவருடைய மட்டையிலிருந்து வந்தது. 2022-இல் "இவனைக் கவனியுங்கள்" என்று நம்மில் யாராவது சொன்னோமா? நான் சொல்லவில்லை. என் கண் முழுக்க நம்ம ஊர்ப் பிள்ளைகள் மேல்.

அதற்காகக் கார்த்தியின் கதை முடிந்தது என்று எழுதாதீர்கள். ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் அணியில் அவர் இருந்தார். அதே உத்தம் சிங்கும் அங்கே இருந்தார். அறிமுகத்தில் வானளவு தூக்கி, இரண்டு பட்டியலில் பெயர் வராவிட்டால் "ஆள் அவ்வளவுதான்" என்று விடுகிற பழக்கம் நம்முடையது, ஆட்டத்தினுடையது இல்லை.

ஒரே ஒரு அணி என்றேன், இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்ததே, 24 நாடுகள், நம்மில் பலர் மதுரைக்கு வேன் பிடித்துப் போனோமே. ஸ்ரீஜேஷ் பயிற்சி கொடுத்த இந்தியப் பிள்ளைகள். பெல்ஜியத்தோடு காலிறுதியில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் ஷூட் அவுட்டில் நின்ற நிற்பு! அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5. வெண்கலத்துக்காக அர்ஜென்டினாவோடு 0-2 என்று பின்தங்கி, கடைசிக் குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2. அரங்கமே ஆடியது. இந்த அணியின் நோய் வேறு. துரத்தத் தெரிகிறது, ஆனால் தொடக்கத்தில் தூங்குகிறது. சின்ன அணிகளிடம் கோலாகக் குவித்துவிட்டு, ஜெர்மனி வந்ததும் திகைத்து நின்றார்கள். இதை இப்போதே கவனித்து வைத்தால்தான், நாலு வருடம் கழித்து இவர்களில் யார் மிஞ்சுவார்கள் என்று பேச நமக்கு வாய் இருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மே மாதம் இதே ஊரில் லட்சுமி அம்மாள் கோப்பை வரும். நாடெங்கிலுமிருந்து அணிகள் வரும், நம் விடுதிப் பிள்ளைகளும் ஆடுவார்கள். வழக்கம்போல் நாம் கேலரியில் உட்கார்ந்து "ஏலே, பந்தை விடுலே!" என்று கத்துவோம். கத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இந்த முறை ஓர் ஆட்டத்துக்கு நாலு பேர், கையில் நோட்டோடு உட்கார வேண்டும். ஒருவர் வட்டத்துக்குள் நுழைந்த கணக்கு. ஒருவர் பெனால்டி கார்னர் கொடுத்ததும் வாங்கியதும். ஒருவர் பந்தைப் பறிகொடுத்த இடம். நாலாமவர் நம் விடுதியின் புதுப்பையன் ஒருவனை மட்டும், பந்து அவனிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கண்ணெடுக்காமல் பார்த்து எழுத வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுங்கள். நோட்டும் பேனாவும் என் செலவு. எழுத வருகிற தம்பி தங்கைகள் கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடதுபக்கம் வாருங்கள், பெயர் எழுதிக்கொள்கிறேன்.