பால் பவுடர்: அளவும் கணக்கும்

(குருசுக்குப்பத்தில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடச் சிறந்த உணவு இல்லை. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று திருமறை (2:233) சொல்வதை நாம் அறிவோம். ஆனாலும் தாய்க்குக் கடும் நோய், தாயை இழந்த பிள்ளை என்று, மருத்துவரே பால் பவுடர் எழுதித்தரும் நிலை சில வீடுகளில் வருகிறது. அவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுப்பது?" என்பதுதான்.

நிறைமாதத்தில் பிறந்து, ஒரு வாரம் கடந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மில்லி. இது தோராயம்தான். ஒரு வேளை கூடும், ஒரு வேளை குறையும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்த வேண்டாம். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். அங்கன்வாடியில் எடை பார்த்து, அதற்கேற்பக் கணக்கை மாற்றுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் மருத்துவர் சொல்வதே அளவு.

பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலைதட்டி. உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதனுள் இருக்கும் கரண்டியையே பயன்படுத்துங்கள். கொதித்த தண்ணீரை முதலில் அளந்து, அரை மணிக்குள் சூட்டோடு பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். 75 மில்லி வேண்டுமென்றால் 90 மில்லியில் மூன்று கரண்டி கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. புட்டியைவிடச் சங்கையோ பாலாடையையோ கழுவிக் கொதிக்கவைப்பது எளிது.

இப்போது டப்பாவின் கணக்கு. 600 மில்லிக்கு 20 கரண்டி. பல வகைகளில் ஒரு கரண்டி சுமார் நாலரை கிராம். ஆக நாளுக்கு 90 கிராம். 400 கிராம் டப்பா நாலரை நாள்கூட முழுதாக வராது. தாய்ப்பாலே இல்லாத வீட்டில் அது பத்து நாள் வருகிறதென்றால், குழந்தை அரை வயிற்றுக்குத்தான் உண்கிறது. தண்ணீர் கூடிய பாலில் வயிறு நிறையும், எடை ஏறாது, வலிப்புகூட வரலாம். பிள்ளை சோர்ந்துபோனாலோ குடிக்க மறுத்தாலோ, தாமதிக்காமல் ஜிப்மருக்கோ அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள்.

1970-களில் ஏழை நாடுகள் பலவற்றில் நீர்த்த பாலும் அசுத்தத் தண்ணீரும் குழந்தைகளைக் காவு கொண்டன. அதன்பின் 1981-ல் உலக சுகாதார அமைப்பு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. நம் நாட்டில் 1992-ல் வந்த சட்டம் பால் பவுடர் விளம்பரத்தையும் இலவச விநியோகத்தையும் தடுக்கிறது. அனாதை இல்லங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே நாம் டப்பா வழங்குவதில்லை. ஆனால் கஷ்டப்படும் குடும்பத்தின் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கத் தடையேதும் இல்லை.

எனவே சகோதரிகளே, டப்பா தீரும் நிலை வந்தால் தண்ணீரைக் கூட்டாதீர்கள். மருத்துவர் சீட்டோடு நம்மிடம் வாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை. விஷயம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.