கல்லூரிப் பாடத்திட்டமும் நம் கடமையும்

(திருவான்மியூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருந்தீசர் சந்நிதிக்கு அணித்தே கூடியிருக்கும் இச்சபையில் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியின் பெருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர் நாம். ஆயினும், அப்பிள்ளைகள் கற்கும் பாடத்தை வகுப்பவர் யாவர், எப்படி வகுக்கின்றனர், எப்பொழுது திருத்துகின்றனர் என்று வினவுவார் நம்முள் மிக அரியர். ஆதலின் அவ்விஷயத்தையே இன்று எடுத்துக்கொண்டோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்ட அது, தொடக்கத்தில் பரீக்ஷை நடத்திப் பட்டம் அளிக்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் வேலை. எதைக் கற்பிப்பது என்பது சர்வகலாசாலையின் கட்டளை. 1902-ஆம் ஆண்டில் அச்சர்வகலாசாலைப் பாடத்திட்டத்தினின்று தமிழை நீக்கும் யோசனை எழுந்தபோது, பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையவர்களும் அதனை எதிர்த்து நின்றனர்; யோசனை கைவிடப்பட்டது. பாடத்திட்டம் என்பது மேலிருந்து இறங்கும் சாசனமன்று, அறிந்தவர் காலத்தில் வாய்திறந்தால் மாறக்கூடியதே என்பதை இதனால் அறிகின்றோம்.

1978-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் லயோலாக் கல்லூரியும் அவற்றைச் சேர்ந்தவை. தன்னாட்சி பெற்ற கல்லூரி தன் பாடத்தைத் தானே வகுக்கலாம். பட்டம் மட்டும் சர்வகலாசாலையின் பெயரால் வரும். மற்றக் கல்லூரிகளுக்குச் சர்வகலாசாலையின் பாடத்திட்டமே பாடத்திட்டம்.

இனி, ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் துறை தன் படிப்பை எவ்வாறு ஆராய்கின்றது என்பதைப் பார்ப்போம். துறைத் தலைவர் முதற்கண் கணக்கெடுக்கவேண்டும். சேர்ந்தவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர், எந்தப் பாடத்தில் பலர் தவறினர், தேறியவர் எங்குச் சென்றனர் என்பனவே அக்கணக்கு. பிறகு விஷயம் பாடத்திட்டக் குழுவின் முன் வரும். அக்குழுவில் துறைத் தலைவரும் ஆசிரியர்களும் அன்றி, வெளிக் கல்லூரி நிபுணர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் நிபுணர் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், அத்துறையில் முதுநிலை பயின்ற சிறந்த பழைய மாணவர் ஒருவர் ஆகியோர்க்கும் இடமுண்டு. குழுவின் முடிவு கல்விப் பேரவைக்குச் சென்று அங்கீகாரம் பெறும்.

கேட்பதற்கு இது எளிது, செய்வதோ அரிது. மூன்றாண்டு இளநிலைப் படிப்பு ஆறு பருவங்களும் 140 மதிப்புப் புள்ளிகளும் கொண்டது. வாரத்திற்கு 30 மணி நேரமே வகுப்பு. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பின்னிரு பகுதிகளில் திறன் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, சமூகத் தொண்டு முதலியன அடங்கும். மரக்காலில் தலைதட்டி அளந்த நெல்லின்மேல் இன்னும் ஒரு பிடி இட்டால் அது சிந்தத்தானே செய்யும்? புதிய பாடம் ஒன்று உள்ளே வரவேண்டுமாயின் பழைய பாடம் ஒன்று வெளியே போகவேண்டும்.

இவ்விடத்தில்தான் சங்கடம் பிறக்கின்றது. உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்திற்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது சர்வகலாசாலை மானியக் குழுவின் விதி. ஒரு பாடம் போனால் அதனைக் கற்பிப்பவரின் மணிக்கணக்குக் குறையும்; மணிக்கணக்குக் குறைந்தால் துறையில் ஒரு பதவிக்கே ஆபத்து நேரலாம். எனவே, உயிரற்ற பாடமும் சில இடங்களில் பெயரை மாத்திரம் புதுப்பித்துக்கொண்டு நிலைத்திருக்கின்றது. ஆசிரியரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அவர்க்கும் குடும்பம் உண்டு. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் நடுநின்று பேசும் வெளியார் குழுவில் வேண்டும் என்பதே எம் கருத்து.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. திருத்திய பாடம் வழக்கமாக அவ்வாண்டில் புதிதாகச் சேர்வோர்க்கே பொருந்தும். முன்னர்ச் சேர்ந்தோர் பழைய திட்டத்திலேயே படித்து முடிப்பர். ஆகவே இன்று வகுக்கும் பாடத்தின் முதற்பலன் மூன்றாண்டு கழித்தே வெளிப்படும். தென்னை வைப்பவனைப்போல் முன்னோக்கி நடவேண்டிய காரியம் இது.

இப்பொழுது எம் குற்றம் ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்கின்றோம். சில ஆண்டுகளுக்குமுன் யாம் பயின்ற கல்லூரியினர் எம்மைப் பழைய மாணவர் என்ற முறையில் பாடத்திட்டக் குழுவிற்கு அழைத்தனர். கட்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்தனர். யாம் அதனைப் புரட்டிப் பார்த்தோமேயன்றிப் படித்தோமில்லை. பழைய பட்டப் படிப்பு ஒன்றின் பெயரை, மாணவரைக் கவரும் பொருட்டுப் புதுப்பெயராக மாற்றும் பிரேரணை வந்தது. யாவரும் சரி என்றனர். யாமும் சரி என்றோம். கையெழுத்திட்டு, காப்பி அருந்தி, வீடு திரும்பினோம்.

பின்னர் நம் சங்கத்துக் கல்வி நிதியின் உதவியால் படித்த பிள்ளையொருவர் தம் தந்தையாருடன் எம் இல்லம் வந்தார். முதல் வகுப்பில் தேறியவர். சர்க்கார் உத்தியோகத்திற்கு விண்ணப்பித்திருந்தார். அவர் பெற்ற பட்டம், அவ்வுத்தியோகத்திற்கு விதித்த பட்டத்திற்கு இணையானது என்னும் ஆணை இல்லையென்று விண்ணப்பம் தள்ளப்பட்டது. பட்டத்தின் பெயரைப் பார்த்தோம். அது யாம் கையெழுத்திட்ட பெயரே. “ஐயா, படித்த பாடமெல்லாம் பழைய பாடந்தானே, பெயர்தானே வேறு?” என்று அத்தந்தையார் கேட்டார். அதற்கு யாம் சொல்லத்தக்க விடை ஒன்றும் இருக்கவில்லை.

பட்டங்களின் பெயர்களைச் சர்வகலாசாலை மானியக் குழு 2014-ஆம் ஆண்டில் பட்டியலிட்டு வெளியிட்டுள்ளது. பாடத்தின் பெயர் மாறும்போது இணைத்தன்மை பற்றித் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை ஆணை பிறப்பிப்பதும் வழக்கம். “இப்புதுப்பெயருக்கு இணை ஆணை பெற்றாயிற்றா?” என்று யாம் அன்று ஒரு வினா எழுப்பியிருந்தால், அப்பிள்ளையின் காலம் வீணாகியிராது. அந்நாற்காலியில் யாம் அமர்ந்திருந்தும் அது வெறுமையாகவே இருந்தது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1936-ஆம் ஆண்டில் அடையாற்றில் ருக்மிணி தேவி அம்மையார் தொடங்கிய கலாக்ஷேத்திரம் 1962-ல் திருவான்மியூருக்கு வந்தது. 1993-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று. நிர்வாகத்திற்கும் நிதிக்கும் குழுக்கள் வகுத்த அச்சட்டம், கல்விக்கெனத் தனிக் குழுவையும் வகுத்தது. குருகுல வழியில் வளர்ந்த நாட்டியத்திற்கே கற்பிக்கும் முறையை ஆராய ஒரு குழு வேண்டியிருக்கும்போது, கணக்கிற்கும் வாணிபத்திற்கும் வேண்டாவோ?

ஆகையால் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பித்துக்கொள்வன மூன்று.

முதலாவது, பிள்ளைகளைச் சேர்க்குமுன் கட்டடத்தையும் பேருந்தையும் பார்ப்பதோடு நில்லாமல், “பாடம் கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டது? பட்டத்தின் பெயர் பட்டியலில் உள்ளதா? புதுப்பெயராயின் இணை ஆணை எங்கே?” என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச வேண்டா. கட்டணம் செலுத்துபவர் நாம்.

இரண்டாவது, 1994-ல் ஏற்பட்ட தேசிய மதிப்பீட்டுக் குழுவின் பொருட்டு, கல்லூரிகள் மாணவரிடமும் பழைய மாணவரிடமும் கருத்துக் கேட்கின்றன. அத்தாளை, “மிக நன்று” என்று வரிசையாகக் குறியிட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

மூன்றாவது, நம்முள் பட்டம் பெற்று உத்தியோகத்திலும் தொழிலிலும் இருப்போர், குழுவிற்கு அழைப்பு வந்தால் காகிதத்தை முன்னரே வருவித்துப் படித்துச் செல்லுங்கள். எம்மைப்போல் கையெழுத்திடச் செல்லாதீர்கள்.

அப்பிள்ளையின் மனு இன்னும் முடிவாகவில்லை. அதற்காக நம் கல்வி நிதிக் குழுவினர் எடுத்துவரும் முயற்சிக்கு யாம் கடமைப்பட்டுள்ளோம். இனி நம் நிதியால் படிக்கும் ஒவ்வொருவரின் பட்டப் பெயரையும் முன்னரே விசாரித்தறியும் பொறுப்பை, இச்சபை அனுமதித்தால், யாமே ஏற்றுக்கொள்கின்றோம்.