சேலை கட்டிய ஆணி



கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை கரையோரமாகப் போனால் ‘பொதுநோக்கு மண்டபம்’ என்ற பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் காணலாம். பலகையில் நோக்கம் பொது, கதவில் பூட்டு.

அண்மையில் களப்பை ஒட்டிய ஒரு கிராமத்தில் அப்படியொரு மண்டபத்துக்குப் போனேன். திறப்பைத் தேடவே அரை மணி நேரமாயிற்று. உள்ளே போனால் மூன்றில் ஒரு பங்கைச் சீமெந்து மேடை விழுங்கியிருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை அங்கே யாருக்காவது மாலை போடுவார்களாம். மற்ற நாட்களில் உடைந்த பிளாஸ்டிக் கதிரைகள்தான் மேடையில் வீற்றிருக்கின்றன. தூணடியில் கொங்கிறீட் வெடித்துக் கம்பி தெரிகிறது. உப்புக் காற்றில் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீட்டைப் பிளக்கும். அதன்மேல் பூசி வெள்ளையடித்தால் ஒரு சோளகக் காலம் தாங்கும், அவ்வளவுதான்.

பழைய மண்டபத்தைத் திருத்துவதென்றால் கூரையையும் பெயின்டையும் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் இந்தக் கரையில் மண்டபங்களுக்கு ஒரு பரீட்சை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் மண்டபங்களும் ஒரே இரவில் வீடுகளாயின. ஊர்ச்சனம் சோறாக்கிக் கொண்டுவந்தது. தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

நான் போன மண்டபத்தின் ஜன்னல் நிலையில் விரல் தடிப்பில் ஓர் ஆணி இருக்கிறது. கூடவந்த மூதாட்டி ஒருவர் அதைத் தொட்டுக் காட்டினார். “இந்த ஆணியிலதான் மகன், சேலையக் கட்டி மறைச்சோம். மற்றத் தலைப்பு அந்தத் தூணில. உள்ளுக்கு மூண்டு குடும்பம்.” சேலை போதாமல் போனது எங்கே என்று கேட்டேன். குளிக்கிற இடத்தில் என்றார். மலசலகூடம் ஒன்றே ஒன்று, அதுவும் ஆண்கள் கூடி நிற்கும் முற்றத்தைத் தாண்டி.

எந்தப் பொறியியலாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு, அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தவில் முஸ்லிம் மீனவர்களுக்கு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கட்டிய வீடுகளைப் பாருங்கள். அறைகளுக்கு நடுவே கூரை போட்ட முற்றம். வெயில் படாமல் அங்கேயே மீன்பிடிச் சாமான்களைப் பழுதுபார்க்கலாம். கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையில் மடிப்புத் தட்டி. விருந்தாளி வந்தால் இழுத்துவிடலாம். பெண்கள் தங்கள் பாட்டில் இருக்கலாம். அந்தத் தட்டியும் நம் மூதாட்டியின் சேலையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே என் யோசனை: முதலில் மேடையை உடையுங்கள். அதில் பதித்த நினைவுக்கல்லை என்ன செய்வது என்று சண்டை வரும். சுவரில் பதிக்கலாம், கல் கோபிக்காது. மேடை தேவைப்படும் நாளில் நாலு பலகை வாங்கு சேர்த்தால் போதும். காலையில் முன்பள்ளி, மத்தியானம் வலை பொத்துகிறவர்கள், மாதத்தில் ஒருநாள் மருத்துவமாதுவின் கிளினிக், இரவில் சங்கக் கூட்டம்: எல்லாம் நடக்க வேண்டுமானால் கதிரையும் பாயும் அடுக்க ஒரு சாமான் அறை வேண்டும். நிதி குறைவென்றால் பெயின்டை விட்டுவிட்டு அந்த அறையைக் கட்டுங்கள். மலசலகூடத்துக்குப் பெண்கள் பக்கமாகத் தனி வாசல் வையுங்கள்.

தண்ணீரும் முக்கியம். கற்பிட்டித் தீபகற்பத்தின் ஆழமில்லாத கிணறுகளில் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று இறங்குகிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர். அதை ஏன் பீலியில் ஓடவிட வேண்டும்? மண்டபத்தைப் பிரிக்க மடிப்புத் தட்டி வைப்பதானால் ஒன்று மட்டும்: அதற்கு இரும்புப் பிணைச்சல் போடாதீர்கள், உப்புக்காற்றில் இறுகிவிடும். விலை கூடினாலும் பித்தளையே வாங்குங்கள்.

திறப்பு விஷயத்தை இன்னும் சொல்லவில்லையே. நான் போனதற்கு முதல்நாள், முன்பள்ளிப் பிள்ளைகள் பதினொரு பேர் வெளியே வேப்பமரத்தடியில் பாட்டுப் படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்களாம். திறப்பை வைத்திருந்தவர் அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்தார்.